புஷ்பவள்ளி பிடித்த முதல் ஆள்

காரைக்குடி முத்தையா ஆசாரியின் மகள் புஷ்பவள்ளி போலீஸ் ஸ்டேஷனுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கத்தான். ஸ்டேஷனில் பெஞ்சும் ஆடியது, மேஜையும் ஆடியது, கதவோ சாத்தவே மாட்டேன் என்றது. போலீஸ் ஸ்டேஷன் கதவே சாத்தாமல் கிடந்தால் ஊரில் எவன் மதிப்பான் என்று ஏட்டு கருத்தையா ஆளனுப்பி ஆசாரியைக் கூட்டிவந்திருந்தார். அது அறுபத்தெட்டாம் வருஷம். புஷ்பவள்ளிக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கும். அப்பாவை விட ஒரு சாண் உயரம்.

அன்றைக்குப் பார்த்து, சந்தையில் சங்கிலி அறுத்ததாக ஒரு பெண்பிள்ளையைப் பிடித்துவந்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஆளைப் பிடித்தாயிற்று, சங்கிலியைக் காணோம். சோதனை போட ஒரு பொம்பளை வேண்டும். ஸ்டேஷனில் இருந்ததெல்லாம் மீசைகள்தான். கருத்தையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியோடு நின்ற புஷ்பவள்ளியிடம் வந்தார்.

"ஏ புள்ள, இவளை உள்ள கூட்டிட்டுப் போயி முந்தி, முடிச்சு எல்லாத்தையும் அவுத்துப் பாரு."

போனவள் போன சுருக்கில் திரும்பி வந்தாள். கையில் சங்கிலி. "கொண்டைக்குள்ள வச்சிருந்துச்சு மாமா" என்று சொல்லி மேஜையில் போட்டுவிட்டு, அப்பாவுக்குக் குழம்பு ஊற்றப் போய்விட்டாள். கருத்தையா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து, ஸ்டேஷனுக்கு எந்தப் பொம்பளையைக் கொண்டுவந்தாலும் ஆசாரி வீட்டு வாசலில் போலீஸ் சைக்கிள் வந்து நிற்கும். அம்மா பிச்சையம்மாளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "கல்யாணமாகாத புள்ள இருக்குற வீட்டு வாசல்ல போலீஸு சைக்கிள் நின்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று புலம்புவாள். அவள் சொன்னபடியே ஒருத்தனும் வரவில்லை. புஷ்பவள்ளிக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் அந்த சைக்கிள் மணிச் சத்தத்துக்குத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்களைப் போலீஸில் எடுக்கிறார்கள் என்று எழுபத்துநாலில் சேதி வந்தபோது, கருத்தையாவே சைக்கிளை மிதித்துவந்து சொன்னார். பிச்சையம்மாள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். நாலாம் நாள் அவளே புளியோதரை கட்டிக்கொடுத்து மகளை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே தேர்வுக்கு உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவர், உனக்கு எதற்கம்மா இந்த வேலை என்று கேட்டார். "ஆறேழு வருஷமாச் சும்மா செய்யிற வேலைங்கய்யா. இனிமே உடுப்புப் போட்டுக்கிட்டுச் செய்யலாம்னு" என்றாள். அதிகாரிகள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எடுத்தும் கொண்டார்கள்.

பயிற்சி முடிந்து அவளைச் சொந்த ஊருக்கே இரண்டாம் நிலைக் காவலராகப் போட்டார்கள். காக்கி உடுப்பைக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் தானே தேய்த்து, மொடமொடவென்று நடந்து முதல் நாள் டூட்டிக்குப் போனாள் பாருங்கள், அந்த நடையை இன்னும் கொஞ்சம் நாள் ஊர் பேசியிருக்கும். ஆனால் உள்ளே போனதும் காதில் விழுந்த முதல் உத்தரவு, "பாப்பா, நாலு டீ சொல்லிட்டு வா."

டீ சொன்னாள். புகார் கொடுக்க வந்தவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டாள். செட்டியார் வீட்டு ஆச்சிமார் ஆம்பளைப் போலீசோடு பேச மாட்டார்கள் என்பதால், பெரிய வீடுகளில் என்ன காணாமல் போனாலும் இவள்தான் போய்க் கேட்டு வருவாள். கேட்டு வந்து சொன்னதை வைத்து ஆம்பளைகள் போய் ஆளைப் பிடிப்பார்கள். பிடித்ததற்கு அவர்கள் பேரை எழுதிக்கொள்வார்கள். இரண்டு வருஷம் இதே கூத்து. கேட்டால் யாருக்கும் ஆத்திரம் வரும்.

புஷ்பவள்ளிக்கும் வந்தது. ஒருநாள் இன்ஸ்பெக்டர் சத்தியமூர்த்தியின் மேஜை முன்னால் விறைப்பாகப் போய் நின்றாள். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"ஐயா, எனக்கும் ஃபர்ஸ்ட் கிரேடு கொடுக்கச் சொல்லி நீங்க மேல எழுதணும்."

"எழுதலாம்மா. என்னன்னு எழுதட்டும்? நல்லா டீ வாங்கிட்டு வருதுன்னா?" என்றார் சத்தியமூர்த்தி. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பொம்பளைப் போலீசை வச்சு என்ன செய்யறதுன்னு எனக்கும் ஒருத்தரும் சொல்லித் தரலம்மா. ஒரே ஒரு ஆளை நீயாத் தனியாப் புடிச்சிட்டு வா. மறுநாளே எழுதுறேன்."

ஒரே ஒரு ஆள். அன்றிலிருந்து புஷ்பவள்ளிக்கு இதே நினைப்பாகப் போயிற்று. ஊரில் திருட்டே நடக்கக்கூடாது என்று கும்பிட வேண்டிய போலீஸ், கொப்புடையம்மனிடம் போய் ஒரு திருடியைக் கொடு தாயே என்று கும்பிட்டது.

அம்மனும் கொடுத்தாள். கொத்தமங்கலத்து உமையாள் ஆச்சி வீட்டில் ஒரு வெள்ளிக் கூஜாவும் இரண்டு வெள்ளிச் சொம்பும் காணாமல் போயின. வழக்கம்போல் புஷ்பவள்ளி போய்க் கேட்டு வந்தாள். பழைய பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற வள்ளிக்கண்ணு என்பவள் அன்றைக்கு அங்கே வந்திருக்கிறாள். ஆச்சி சேலை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் கூடையில் கூஜா ஏறிவிட்டது. வள்ளிக்கண்ணுவைப் புஷ்பவள்ளிக்கும் தெரியும். பிச்சையம்மாளே அவளிடம் ஒரு அடுக்குச் சட்டி வாங்கியிருக்கிறாள். சிங்கம்புணரிக்கு அங்குட்டு ஒரு கிராமத்துக்காரி, இப்போது ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள் என்ற தகவலும் கிடைத்தது.

அன்றைக்கு யாரோ மந்திரி வருகிறார் என்று ஸ்டேஷனே சாலையில் நின்றது. "நாளைக்கு ரெண்டு பேரோட போகலாம்" என்றார் கருத்தையா. நாளைக்கு என்றால் அந்த ரெண்டு பேர் பேரைத்தான் எழுதுவார்கள் என்று புஷ்பவள்ளிக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்டரிடம் போய் நின்று உத்தரவு வாங்கி, மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

போகிற வழியில் உள்ளூர் ஸ்டேஷனில் இறங்கித் துணை கேட்டாள். எல்லாரும் வேறொரு ஊர்க் கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். பாரா நின்ற ஒருவர், துப்பாக்கியை விட்டு நகரக்கூடாது தாயி என்று கையை விரித்தார். சரி, இன்ஸ்பெக்டர் தனியாகத்தானே பிடிக்கச் சொன்னார் என்று கிராமத்தைப் பார்த்து நடந்தாள்.

ஊர் எல்லையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்தன. ஒரு நொடி திகைத்து நின்றுவிட்டு, "நாடகக்காரி வந்தாச்சு, நாடகக்காரி வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடின.

அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அன்று அந்த ஊரில் நாடகம். புதுக்கோட்டையிலிருந்து செட்டு வரவேண்டும், வந்துசேரவில்லை. பந்தலில் இப்போதே பாய் விரித்து இடம் பிடித்துக் காத்திருக்கிறார்கள். காக்கி போட்ட பொம்பளையை அந்த ஊர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. காக்கி போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை வந்தால் அவள் வேறு யாராக இருக்க முடியும்?

விழாக் கமிட்டி ஆசைத்தம்பி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எதிரே ஓடி வந்தார். "வாங்க தாயி வாங்க. நீங்க மட்டும் வாரீக, வேன் எங்க? மத்த ஆளுகள்லாம் எங்க?"

"எந்த வேன்? நான் போலீஸு. காரைக்குடி ஸ்டேஷன்ல இருந்து வாரேன்."

ஆசைத்தம்பி பூரித்துப் போனார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீகளா, வேஷத்தைக் கட்டிக்கிட்டே பஸ் ஏறி வந்திருக்காக. இதுக்குப் பேருதான் தொழில் பக்தி" என்றார்.

"அண்ணே, நெசமாவே போலீஸு. இந்தா பாருங்க அட்டை."

"அட்டையெல்லாம் அச்சடிச்சு வச்சிருக்கீக. பெரிய செட்டுதான்" என்றார் அவர். ஒருத்தர் கலர் சோடா கொண்டுவந்து கையில் திணித்தார். வயசாளி ஒருத்தி காக்கித் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "துணி அழுத்தமா இருக்கு. வாடகைக்கு எடுத்ததா ஆத்தா?" என்று கேட்டாள். புஷ்பவள்ளி கோபத்தில் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டினாள். கூட்டம் விசில் அடித்தது. அரசாங்கப் பணியாளரைத் தடுப்பது குற்றம் என்று சட்டத்தைச் சொன்னாள். வசனம் சுத்தமாக வருகிறது என்று பாராட்டினார்கள்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் இந்தக் காக்கிக்காகக் காத்துக் கிடந்தாள். ஸ்டேஷனில் உள்ளவர்கள் டீ வாங்கவாவது இவளைப் போலீஸ் என்று ஒப்புக்கொண்டார்கள். இங்கே அதுவும் இல்லை. கலர் சோடாவோடு திரும்பிப் போய்விடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அப்போதுதான் பந்தலில் முன்வரிசைப் பாயில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தலை நிறையப் பூ. பக்கத்தில் மகள். அதற்குப் பக்கத்தில், திருவிழாவுக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் ஒரு பாய் நிறைய. வள்ளிக்கண்ணுவும் இவளைப் பார்த்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் முகம் செத்துப்போயிற்று. அந்த ஊரிலேயே புஷ்பவள்ளியைப் போலீஸ் என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் புஷ்பவள்ளிக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேரே போய் முன்னால் நின்றாள். "வள்ளிக்கண்ணு, எந்திரி. உன்னைக் கைது பண்றேன்."

பந்தலே குலுங்கியது. எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தது சம்பந்தியம்மாள்தான். "பூராப் பேரையும் விட்டுட்டு நம்ம சம்மந்தியைப் போயிப் புடிக்கிறாளே பாரு" என்று தன் மகளை விலாவில் இடித்துச் சொன்னாள். வள்ளிக்கண்ணு ஓடப் பார்த்தாள். நாலு பக்கமும் கூட்டம். போ, போ, மேடைக்குப் போ என்று அவர்களே அவளைத் தள்ளிக் கொண்டுவந்து விட்டார்கள். கிட்டே வந்தவள் புஷ்பவள்ளியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். காதோடு காதாகச் சொன்னாள்.

"அக்கா, எடுத்தது நெசம். சாமான் வீட்டுலதான் இருக்கு, அப்படியே தந்துர்றேன். நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன். ஆனா இது நாடகமாவே இருக்கட்டும். அந்தப் பாய்ல இருக்குறது என் மகளுக்கு நிச்சயம் பண்ணின இடம். இவுகளுக்குத் தெரிஞ்சா அவ வாழ்க்கை போச்சுக்கா."

புஷ்பவள்ளி கூட்டத்தைப் பார்த்தாள். வெள்ளிக் கூஜாவை வெளியே கொண்டுவந்து காட்டினால் போதும், இத்தனை சிரிப்பும் நின்றுபோகும். சோடா கொடுத்தவரும் துணி தேய்த்த வயசாளியும் ஆசைத்தம்பியும் கையைக் கட்டி ஒதுங்கி நிற்பார்கள். அவளுக்கு அது வேண்டும், மனசார வேண்டும். இன்றைக்கு விட்டால் இனி எப்போது கிடைக்கும்? பாயில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தன் அம்மா மேடையேறப் போகிறாள் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

"சனியன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் புஷ்பவள்ளி. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அப்புறம் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இல்லாத மீசையை இன்னொரு கையால் முறுக்கி, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தாள்.

"அடியே கள்ளி! யாருகிட்ட உன் சாலக்கெல்லாம்? நடடி ஸ்டேஷனுக்கு!"

கைதட்டு வானத்தைப் பிளந்தது. வள்ளிக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டு, "நான் என்ன செய்வேன், என் பாவம் என்னைப் புடிச்சிருச்சே" என்று ஒப்பாரி வைத்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. "அழுகையைப் பாரு, நெச அழுகை மாதிரியே இருக்கு. இவளுக்குள்ள இம்புட்டுத் திறமை இருந்திருக்கே" என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. ஆசைத்தம்பி மைக்கைப் பிடித்து, இது ஒத்திகைதான், ராத்திரி முழு நாடகம் உண்டு, யாரும் எழுந்து போகவேண்டாம் என்று அறிவித்தார். புஷ்பவள்ளி கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி, தேர்ந்த நடிகையைப் போலக் குனிந்து கும்பிட்டாள். குனிந்தபோது கண்ணில் நின்ற நீரை யாரும் பார்க்கவில்லை.

பொழுது சாயும் முன்னால், வேனைப் பார்த்து வருகிறோம் என்று ஆசைத்தம்பியிடம் சொல்லிவிட்டு, வெள்ளிச் சாமானை ஒரு பழஞ்சேலையில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் வள்ளிக்கண்ணு, "வெலங்கு மாட்டலையாக்கா?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட ஏது வெலங்கு? நீ வர மாட்டேன்னு உக்காந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. பேசாம வா" என்றாள் புஷ்பவள்ளி. திருப்பத்தூரில் பஸ் நின்றபோது வேர்க்கடலை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பங்கு வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் சத்தியமூர்த்தி கூடையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊருக்குள்ள போயித் தனியாவா தூக்கிட்டு வந்தே? சனங்க ஒண்ணும் தகராறு பண்ணலையா?"

"இல்லைங்கய்யா. கை தட்டுனாக."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சொன்ன சொல் தவறாமல் மறுநாளே எழுதினார். சில மாதம் கழித்து இரண்டு பட்டையோடு முதல் நிலைக் காவலராகி வீட்டுக்குப் போனாள். பிச்சையம்மாள் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, சங்கிலி போட வேண்டிய வயசில் பட்டை போட்டிருக்கிறாளே என்று அழுதாள். அழுத கையோடு தெருவெல்லாம் போய்ச் சொல்லியும் வந்தாள். பொருள் முழுக்கத் திரும்பிவிட்டது, ஆச்சியும் போகட்டும் என்றார்; முதல் தப்பு என்று மாஜிஸ்திரேட் வள்ளிக்கண்ணுவைக் கண்டித்து விட்டுவிட்டார். ஊரில் கேட்டவர்களிடம், நாடக செட்டோடு போய் ஒரு வாரம் நடித்துவிட்டு வந்தேன் என்று அவள் சொன்னாள். என்ன வேஷம், எந்த ஊர் என்று தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறார்கள். பாவம், திருடியதை விட அதற்குப் பதில் சொல்லத்தான் அதிகம் சிரமப்பட்டாள். மகள் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது.

எண்பத்தொன்றில் புஷ்பவள்ளி மூன்று பட்டையோடு ஏட்டு ஆனாள். கருத்தையா ஓய்வுபெற்றுப் போகும்போது தன் நாற்காலியைத் தானே துடைத்து அவளை உட்காரச் சொன்னார். ஸ்டேஷனில் இப்போது டீ சொல்ல வேறு ஆள் இருந்தது. அந்த வருஷம் வைகாசியில், பந்தோபஸ்துக்கு என்று அவளை அனுப்பிய ஊர் வேறெதுவும் இல்லை, அதே ஊர்தான். கூடப் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண் காவலர்கள். ஏட்டம்மா, ஏட்டம்மா என்று வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. திருடியின் ஊருக்கே தனியாகப் போய் அவளைப் பிடித்தவர் என்று கேள்விப்பட்டு, அவளைப் போல ஆகவேண்டும் என்று வந்த பிள்ளைகள்.

பந்தல் வாசலில் ஆசைத்தம்பி நின்றார். தலை நரைத்திருந்தது. பொம்பளைப் போலீஸ் என்று ஒன்று உண்டு என்பது இந்த நாலைந்து வருஷத்தில் அந்த ஊருக்கும் தெரிந்துபோயிருந்தது. அவர் புஷ்பவள்ளியை உற்றுப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். இன்னொரு தரம் முகத்தைப் பார்த்தார்.

"தாயி, உங்களை நான் பாத்திருக்கேனே. நீங்க நம்ம ஊரு நாடகத்துக்கு வந்தவுகதானே? அப்ப நீங்க நெசமாவே..."

மேலே சொல்லாமல் நிறுத்தி, மெதுவாகத் தலையைத் திருப்பி முன்வரிசைப் பாயைப் பார்த்தார். அங்கே வள்ளிக்கண்ணு இருந்தாள். மடியில் பேத்தி. பக்கத்தில் மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள். வள்ளிக்கண்ணு இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுபோயிருந்தது. ஆசைத்தம்பியின் மனசு எங்கே கணக்குப் போட்டுக்கொண்டு போகிறது என்று புஷ்பவள்ளிக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் மூன்று பிள்ளைகளும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஆமண்ணே" என்றாள், பந்தலில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. "அன்னைக்கு நாடகக்காரிதான். ஊரு ஊராப் போயி போலீஸு வேஷம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். இந்த ஊர்ல நீங்கள்லாம் தட்டுன கைதட்டைக் கேள்விப்பட்டுத்தான் என்னைய நெசப் போலீஸுல சேத்துக்கிட்டாக."

ஆசைத்தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீகளா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே மைக்கைத் தேடி ஓடினார். நம்ம ஊர் மேடையால் போலீஸ் ஆனவர் வந்திருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அவர் சொல்லச் சொல்ல, பந்தல் கைதட்டியது. வள்ளிக்கண்ணு தட்டவில்லை. பேத்தியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று பிள்ளைகளில் மூத்தவள் கிட்டே வந்து, "ஏட்டம்மா, நெசமாவா? நீங்க நாடகத்துல இருந்தவுகளா?" என்று கேட்டாள்.

"டூட்டியைப் பாரு" என்றாள் புஷ்பவள்ளி.